மறைத்து வைத்ததை எல்லாம் வெளியே எடுத்த ஆல்பம்

1976-ல் லண்டனில் பங்க் (முரட்டு வேகமும் கோபமும் கொண்ட ராக்) இசைக்குழு ஒன்றில் இருக்க வேண்டுமென்றால் சில விஷயங்களை வாய் திறந்து சொல்லக் கூடாது. பள்ளி நாட்களில் நீளமாக முடி வளர்த்துக்கொண்டு எந்த ராக் பேண்டின் பின்னால் ஊர் ஊராக அலைந்தாய், மதுக்கடை மூலையில் நின்று எந்தப் பழைய அமெரிக்கப் பாட்டைப் பாடினாய், டிரம்ஸ் வாசிப்பை யாரைக் கேட்டுப் பழகினாய் என்பதெல்லாம் ரகசியம். அந்த வருடம்தான் உலகம் தொடங்கியது என்று எல்லோரும் நடந்துகொண்டார்கள். அந்த விதியை மற்ற எவரையும் விட உரக்கச் சொன்னவர்களில் 'தி கிளாஷ்' குழுவும் உண்டு. '1977' என்ற பாட்டில் எல்விஸ், பீட்டில்ஸ், ரோலிங் ஸ்டோன்ஸ் மூவருக்கும் இனி இடமில்லை என்று பாடினார்கள்.

அதே குழு, 1979 டிசம்பரில் ஒரு இரட்டை ஆல்பம் வெளியிட்டது. உறையில் இளஞ்சிவப்பிலும் பச்சையிலும் எழுத்துகள். 1956-ல் வந்த எல்விஸ் பிரெஸ்லியின் முதல் ஆல்பத்தின் உறையை அப்படியே எடுத்து அமைத்த எழுத்துகள் அவை. வடிவமைத்தவர் ரே லவ்ரி. எல்விஸுக்கு இடமில்லை என்றவர்கள் எல்விஸின் உறையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார்கள். ஆல்பத்தின் பெயர் 'லண்டன் காலிங்'.

இந்த ஆல்பத்தைப் பல வருடங்களாகத் திரும்பத் திரும்பக் கேட்டு வருகிறேன். பங்க், ஜமைக்காவின் ரெக்கே, ஸ்கா, பழைய அமெரிக்க ராக்கபில்லி, ஜாஸ், சோல், பாப் என்று எத்தனை வகை இதில் கலந்திருக்கிறது என்று எல்லோரும் எழுதிவிட்டார்கள். வகைகளைக் கலப்பது அவ்வளவு பெரிய காரியமில்லை. நல்ல இசைத்தட்டுக் கடைக்குப் போய் வந்த எவரும் கலக்கலாம். அப்படிக் கலந்த ஆல்பங்கள் பெரும்பாலும் இரண்டு மூன்று வருடத்தில் சலித்துப் போகின்றன. இது ஏன் சலிக்கவில்லை என்ற கேள்விக்கு எனக்குக் கிடைத்திருக்கும் பதில் எளிமையானது. நான்கு பேரும் தங்கள் பழைய வாழ்க்கையை மறைப்பதை நிறுத்திவிட்டார்கள். இதில் இருக்கும் ஒவ்வொரு வகையும் அந்த நால்வரில் யாரோ ஒருவரின் சொந்தச் சொத்து.

ஒவ்வொருவராகப் பார்க்கலாம். பாடகர் ஜோ ஸ்டிரம்மரின் இயற்பெயர் ஜான் மெல்லர். அங்காராவில் பிறந்தவர். அப்பா லக்னோவில் பிறந்து, பிரிட்டிஷ் வெளியுறவுத் துறையில் வேலை பார்த்தவர். வீடு நாடு நாடாக மாறிக்கொண்டே இருந்தது. பையன் விடுதிப் பள்ளியில் வளர்ந்தான். பிறகு லண்டன் சுரங்க ரயில் நிலையங்களில் நின்று பாடிக் காசு வாங்கினார், காலி வீடுகளில் பூட்டை உடைத்துக் குடியேறியவர்களோடு வாழ்ந்தார், 'தி 101ர்ஸ்' என்ற குழுவில் மதுக்கடைகளில் ராக் அண்ட் ரோல் பாடினார். பங்க் வந்ததும் அந்தப் பழைய நண்பர்களை முகம் கொடுக்காமல் ஒதுக்கினார். கிட்டார் வாசித்த மிக் ஜோன்ஸ் பெற்றோர் பிரிந்தபின் பாட்டியிடம் வளர்ந்தவர். அம்மா அமெரிக்காவுக்குப் போய்விட்டார். அங்கிருந்து அவர் அனுப்பிய இசைப் பத்திரிகைகளைப் படித்தே பையன் ராக் பைத்தியமானான். 'மாட் த ஹூப்பிள்' குழுவின் கச்சேரிகளுக்குப் பின்னாலேயே போனவன். இனிமையான மெட்டு, நுணுக்கமான ஏற்பாடு, நட்சத்திரக் கனவு எல்லாம் அவருக்கு உயிர். பங்க் உலகில் இவை மூன்றும் குற்றம்.

பேஸ் கிட்டார் வாசித்த பால் சிமோனன் ஓவிய மாணவர். லண்டனில் பிரிக்ஸ்டன், லேட்பரோக் குரோவ் பக்கம் கரீபியக் குடும்பங்களுக்கு நடுவே வளர்ந்தவர். காதில் முதலில் விழுந்தது ஸ்காவும் ரெக்கேயும். குழுவில் சேரும்போது அவருக்கு வாசிக்கவே தெரியாது. ஸ்வரங்களின் பெயரைக் கிட்டாரின் கழுத்தில் பெயின்டால் எழுதி வைத்து, ரெக்கே இசைத்தட்டுகளோடு கூடவே வாசித்துப் பழகினார். டிரம்ஸ் டாப்பர் ஹெடன் டோவரில் வளர்ந்தவர். சிறு வயதில் கால்பந்தில் கால் உடைந்து படுத்திருந்த காலத்தில் டிரம்ஸ் பக்கம் வந்தவர். ஜாஸ், சோல் இரண்டும் கைவசம். முதல் ஆல்பம் வந்த 1977-ல்தான் குழுவுக்குள் வந்தார். அவர் வந்திராவிட்டால் இந்த ஆல்பம் இல்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

1979 தொடக்கத்தில் இவர்கள் நிலைமை மோசம். மேலாளர் பெர்னி ரோட்ஸுடன் முறிந்துவிட்டது. அவரோடு பயிற்சி இடமும் போயிற்று. கடன். எழுத புதிய பாட்டு எதுவும் கையில் இல்லை. அந்தக் கோடையில் பிம்லிகோவில், கார் பழுதுபார்க்கும் இடத்தின் பின்புறம் இருந்த 'வனில்லா' என்ற அறையைப் பிடித்தார்கள். தினமும் போனார்கள். வெளியாட்களுக்கு அனுமதி இல்லை. மத்தியானம் தெருவுக்கு எதிரே இருந்த மைதானத்தில் கால்பந்து. பிறகு திரும்பி வந்து வாசிப்பு. முதலில் புதிய பாட்டு எழுத உட்காரவே இல்லை. தங்களுக்குப் பிடித்த பழைய பாட்டுகளை வாசித்தார்கள்: ராக்கபில்லி, ரிதம் அண்ட் புளூஸ், ரெக்கே, எது வந்தாலும். பூட்டிய அறைக்குள், பங்க் விதிகளைப் பிடித்துக்கொண்டு நிற்க ஆளில்லாத இடத்தில், ஒருவர் மறைத்து வைத்திருந்ததை மற்றவர் கேட்டார்கள். எனக்கு அந்த அறைதான் இந்த ஆல்பத்தின் உண்மையான ஆசிரியர்.

அங்கே பதிவு செய்த ஒத்திகை நாடாக்களைக் குழுவின் உதவியாளர் ரயிலில் தொலைத்துவிட்டார். போனது போனதுதான் என்று எல்லோரும் நினைத்திருக்க, மிக் ஜோன்ஸ் வீட்டுப் பெட்டியிலிருந்து ஒரு பிரதி கிடைத்து, 2004-ல் இருபத்தைந்தாம் ஆண்டுப் பதிப்போடு வெளியானது. ஒலித்தரம் சுமார்தான். ஆனால் கேளுங்கள். பாப் டிலன் எழுதிய ஒரு பாட்டு அதில் இருக்கிறது. அதையும் அவர்கள் டிலனிடமிருந்து நேராக எடுக்கவில்லை. 'மடும்பி' என்ற லண்டன் ரெக்கே குழு அதைப் பாடிய விதத்தில் வாசிக்கிறார்கள். அமெரிக்க நாட்டுப்புறக் கவிஞர், கரீபியத் தாளம், லண்டன் வெள்ளைக்காரப் பையன்கள்: இந்த வழியில்தான் பாட்டுகள் அவர்கள் கைக்கு வந்து சேர்ந்தன.

இதற்கு முன்பே பங்க்கும் ரெக்கேயும் ஒட்டி உறவாடத் தொடங்கியிருந்தன என்பதையும் சொல்ல வேண்டும். லண்டனின் 'ராக்ஸி' கிளப்பில் தட்டு போட்ட டான் லெட்ஸ், அன்றைக்கு வெளிவந்த பங்க் தட்டுகள் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவே இருந்ததால் ரெக்கே போட்டார். பங்க் பிள்ளைகள் அதைக் கேட்டு வளர்ந்தார்கள். 1976 ஆகஸ்டில் நாட்டிங் ஹில் கார்னிவலில் கறுப்பின இளைஞர்களுக்கும் போலீசுக்கும் கலவரம் மூண்டபோது ஸ்டிரம்மரும் சிமோனனும் அந்தக் கூட்டத்துக்குள் இருந்தார்கள். முதல் ஆல்பத்திலேயே ஜூனியர் மர்வினின் ரெக்கே பாட்டொன்றைப் பாடினார்கள். ஜமைக்காவின் ரெக்கே தயாரிப்பாளர் லீ பெர்ரி 1977-ல் இவர்களுக்கு ஒரு சிங்கிள் (ஒரு பாட்டை முன்னிறுத்தும் சிறு தட்டு) தயாரித்துக் கொடுத்தார். பாப் மார்லி அதே வருடம் ஒரு பாட்டில் கிளாஷின் பெயரையே சொன்னார். 1978 ஏப்ரலில் விக்டோரியா பூங்காவில் நிறவெறிக்கு எதிராக நடந்த பெரிய கச்சேரியில் வாசித்தார்கள். குடியேறிகளை எதிர்த்த தீவிர வலதுசாரி 'நேஷனல் ஃபிரன்ட்' கட்சி தெருவில் ஊர்வலம் போய்க்கொண்டிருந்த நாட்கள் அவை. அந்த நேரத்தில் ரெக்கே வாசிப்பது வெறும் ரசனை சார்ந்த விஷயமாக இருக்கவில்லை. யார் பக்கம் நிற்கிறாய் என்பதற்கு அது பதில்.

ஆனாலும் பங்க் குழுக்கள் வாசித்த ரெக்கே பலவற்றில் ஒரு குறை கேட்கும். வேகமான பாட்டைக் கொஞ்சம் மெதுவாக்கி, கிட்டாரை எதிர்த்தாளத்தில் வெட்டினால் போதும் என்று நினைத்தார்கள். ரெக்கே அங்கே இல்லை. ராக் இசையில் நான்கு எண்ணினால் முதல் எண்ணில் காலால் அடிக்கும் பெரிய டிரம் விழும், இரண்டிலும் நான்கிலும் ஸ்னேர் டிரம் அறையும். ரெக்கேயின் பழைய முறையில் முதல் எண் காலி. அங்கே டிரம்ஸ் மூச்சு விடாது. மூன்றில்தான் முழு எடையும் இறங்கும். அந்தக் காலியிடத்தில் பேஸ் கிட்டார் பேசும். ஆகவே டிரம்ஸ் வாசிப்பவருக்கு அடிக்காமல் இருக்கத் தெரிய வேண்டும். பேஸ் வாசிப்பவருக்கு அந்த இடத்தை நம்பி விட்டுவைக்கத் தெரிய வேண்டும். டாப்பர் ஹெடனுக்கு முதலாவது தெரியும். சிமோனனுக்கு இரண்டாவது சிறு வயதிலேயே காதில் ஏறியிருந்தது. பத்திரிகைகள் எப்போதும் ஸ்டிரம்மரின் குரலையும் கோபத்தையும் பற்றியே எழுதுகின்றன. நல்ல ஹெட்ஃபோனில் இந்த ஆல்பத்தைப் போட்டு, குரலை விட்டுவிட்டு அடியில் ஓடும் இரண்டு பேரை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். ஆல்பம் அங்கேதான் நிற்கிறது.

ஆல்பத்தின் பெயரையே கொண்ட முதல் பாட்டை எடுத்துக்கொள்வோம். இரண்டு கிட்டார்களும் ஒவ்வொரு எண்ணிலும் ஒரே மாதிரி வெட்டுகின்றன. மைனர் சுரம், ராணுவ அணிவகுப்பு போல இறுக்கம். இரண்டு சுற்றுப் போன பிறகு பேஸ் மேலிருந்து வழுக்கிக்கொண்டு இறங்குகிறது. கிட்டார் நேராக நடக்க, பேஸ் மட்டும் இடுப்பை வளைத்து நடக்கிறது. இறுக்கமும் நெகிழ்ச்சியும் ஒரே நேரத்தில். இதை பங்க் என்றும் சொல்ல முடியாது, ரெக்கே என்றும் சொல்ல முடியாது. பாட்டின் பெயர் இரண்டாம் உலகப் போர்க்கால பிபிசி ஒலிபரப்பின் அறிவிப்பிலிருந்து வந்தது. தேம்ஸ் நதி பெருகி ஊரை மூழ்கடிக்கும் என்ற செய்தி, 1979 மார்ச்சில் அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் நடந்த விபத்து, இரண்டும் உள்ளே இருக்கின்றன. கடைசியில் குரல் அடங்கியபின் கிட்டார் ஒலியை மட்டும் விட்டு விட்டுத் தந்திக் குறியீடு போல அடிக்கிறார்கள்: எஸ்ஓஎஸ். கப்பல் மூழ்கும்போது அனுப்பும் குறி. வெள்ளமும் அணுவுலையும் இன்றைக்கும் செய்திகளில் இருப்பதால் பாட்டு பழசாகவில்லை என்று சொல்வார்கள். எனக்கு அது பாதிக் காரணம்தான். மீதிப் பாதி அந்த பேஸ் இறங்கும் விதம்.

பதிவு நடந்தது ஹைபரியில் இருந்த 'வெசெக்ஸ்' ஸ்டூடியோவில், 1979 ஆகஸ்டில் தொடங்கி. தயாரிப்பாளராக கை ஸ்டீவன்ஸ் வேண்டும் என்று குழு பிடிவாதமாக நின்றது. 60-களில் லண்டன் சோஹோவில் தட்டு போட்டு, அமெரிக்க ரிதம் அண்ட் புளூஸை ஆங்கிலேயப் பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்தவர்களில் அவர் ஒருவர். மாட் த ஹூப்பிளுக்குப் பெயர் வைத்தவரும் அவரே. மிக் ஜோன்ஸுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஆனால் 1979-ல் அவர் குடியால் நொறுங்கிப் போன மனிதர். யாரும் வேலை கொடுக்கத் தயங்கினார்கள். ஸ்டூடியோவில் நாற்காலிகளைத் தூக்கி எறிந்தார், ஏணியைச் சுழற்றினார், ஸ்டிரம்மர் வாசித்துக்கொண்டிருந்த பியானோவுக்குள் மதுவை ஊற்றினார். பதிவுப் பொறியாளர் பில் பிரைஸ் ஒருபக்கம் அமைதியாக வேலையைச் செய்துகொண்டிருந்தார். ஆல்பம் இவ்வளவு சுத்தமாக ஒலிக்கிறதென்றால் அவர் காரணம்.

ஸ்டீவன்ஸின் கலாட்டா கதைகளை வேடிக்கையாகச் சொல்வது வழக்கம். எனக்கு அதில் வேடிக்கை தெரியவில்லை. வேலை இழந்து, மதிப்பு இழந்து நின்ற ஒரு மனிதரை, அவர் ஒரு காலத்தில் தங்களுக்குக் கொடுத்ததை மறக்காமல், நான்கு இளைஞர்கள் தேடிப் போய் அழைத்து வந்தார்கள். மற்றவர்கள் குறை என்று கண்டதை அவர்கள் உயிர் என்று கண்டார்கள். 1959-ல் வின்ஸ் டெய்லர் பாடிய 'பிராண்ட் நியூ காடிலாக்' பாட்டைச் சூடேற்றுவதற்காக வாசித்தபோது ஸ்டீவன்ஸ் அதையே முடிந்த பதிவாக எடுத்துக்கொண்டார். வேகம் போகப் போகக் கூடிவிட்டதே என்று டாப்பர் சொன்னதற்கு, ராக் அண்ட் ரோல் எல்லாமே வேகம் கூடத்தான் செய்யும் என்றாராம். கேட்டால் தெரியும், ஸ்டீவன்ஸ் சொன்னது சரி. அவர் 1981-ல் இறந்தார். கிளாஷ் அவருக்காக ஒரு பாட்டு எழுதிப் பதிவு செய்தது.

பழைய தட்டில் இரண்டாவது பக்கம் என்று வரும் ஐந்து பாட்டுகள்தான் எனக்கு இந்த ஆல்பத்தின் நெஞ்சு. வரிசையாகக் கேட்க வேண்டும்.

முதலில் 'ஸ்பானிஷ் பாம்ப்ஸ்'. ஸ்பெயினின் கடற்கரை விடுதிகளில் குண்டு வெடித்த வானொலிச் செய்தியைக் கேட்ட ஸ்டிரம்மரின் மனம் 1936-க்குப் போகிறது: உள்நாட்டுப் போர், கிரனாடா அருகே சுட்டுக் கொல்லப்பட்ட கவிஞர் லோர்கா. இவ்வளவு கனமான விஷயத்துக்கு மிக் ஜோன்ஸ் போட்டது துள்ளும் பாப் மெட்டு. ஸ்டிரம்மரும் ஜோன்ஸும் சேர்ந்து பாடுகிறார்கள். தப்பும் தவறுமான ஸ்பானிய மொழியில் ஒரு காதல் வரி வேறு. சோக மெட்டில் பாடியிருந்தால் இரங்கல் கூட்டமாகப் போயிருக்கும். சுற்றுலாப் பயணியின் வெயிலும் சுவரில் துளைத்த குண்டும் ஒரே மெட்டில் வருவதால்தான் வலிக்கிறது. கிரனாடா நகரம் 2013-ல் ஒரு சிறு சதுக்கத்துக்கு ஜோ ஸ்டிரம்மர் பெயரை வைத்தது.

அடுத்து 'தி ரைட் புரொஃபைல்'. ஹாலிவுட் நடிகர் மான்ட்கோமரி கிளிஃப்டைப் பற்றியது. 1956-ல் கார் விபத்தில் முகம் சிதைந்து, அதன் பிறகு பெரும்பாலும் வலது பக்கத்தையே காட்டிப் படம்பிடிக்க வேண்டிவந்த அழகர். டிரம்பெட்டும் சாக்ஸபோனும் கொண்டாட்டமாக முழங்க, ஸ்டிரம்மர் மாத்திரைக்கும் மதுவுக்கும் அடிமையானவனின் முனகலைப் பாடுகிறார். கிளிஃப்ட் பற்றிய புத்தகத்தைக் கொடுத்தவர் கை ஸ்டீவன்ஸ். இதைத் தெரிந்துகொண்டு கேட்டால், பாட்டு யாருக்கும் அறிவிக்காமல் ஸ்டீவன்ஸையும் பற்றியதாகிவிடுகிறது.

மூன்றாவது, 'லாஸ்ட் இன் தி சூப்பர்மார்க்கெட்'. இதை எழுதியவர் ஸ்டிரம்மர், பாடியவர் ஜோன்ஸ். பாட்டியோடு வளர்ந்த ஜோன்ஸின் சிறு பிராயத்தை ஸ்டிரம்மர் கற்பனை செய்து எழுதி, அவர் கையிலேயே கொடுத்தார். தள்ளுபடிச் சீட்டுகளைச் சேர்த்து வைக்கும் ஒருவன், மேல் வீட்டில் கேட்கும் சத்தத்தைத் துணையாக நினைக்கும் ஒருவன், கடைக்குள் தன்னைத் தொலைத்தவன். பங்க் பேண்டில் இவ்வளவு மெல்லிய குரலை யாரும் எதிர்பார்க்கவில்லை. டாப்பர் அடியில் டிஸ்கோ போல ஹை-ஹேட்டை (டிரம்ஸின் ஜோடித் தாளத்தட்டு) பொடிப்பொடியாகத் தட்டிக்கொண்டே போகிறார். சத்தம் கூட்டவே இல்லை. கடைக்குள் எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும் இசை போல, தனிமைக்கும் ஒரு நடனத் தாளம். ஒரு நண்பன் இன்னொரு நண்பனின் தனிமையை எழுதி, 'இதை நீயே பாடு' என்று கொடுப்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் இளகிவிடும். ஆல்பத்தில் வேறு எதுவும் இந்த அளவுக்கு என்னைத் தொட்டதில்லை.

நான்காவது, 'கிளாம்ப்டவுன்'. இருபது வயதில் எனக்கு இதுதான் ஆல்பம். சீருடை போட்டுக்கொள், அடுத்தவனை அதட்டக் கற்றுக்கொள், வருடங்கள் போகட்டும், நீயும் அவர்களில் ஒருவனாவாய் என்று தொழிற்சாலைக்குப் போகும் இளைஞர்களுக்கு விடுக்கும் எச்சரிக்கை. மார்கரெட் தாட்சர் 1979 மே மாதம் பிரிட்டன் பிரதமராகப் பதவிக்கு வந்திருந்தார். இன்றும் முதல் நான்கு கிட்டார் அடி விழுந்தால் முதுகு நிமிர்கிறது.

ஐந்தாவது, 'தி கன்ஸ் ஆஃப் பிரிக்ஸ்டன்'. சிமோனன் எழுதிப் பாடிய முதல் பாட்டு. மேடை அலங்காரம், உடை, சுவரொட்டி எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். பாட்டு எழுதினால்தான் பணம் என்று தெரிந்ததும் எழுத உட்கார்ந்தார். தான் வளர்ந்த தெருவையே எழுதினார். போலீஸ் கதவை உடைத்துக்கொண்டு வந்தால் எப்படிப் போவாய், கையைத் தூக்கிக்கொண்டா, துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டா என்று கேட்கும் பாட்டு. குரல் தட்டையானது, பாடத் தெரிந்தவரின் குரல் இல்லை. அதனாலேயே நம்பும்படி இருக்கிறது. இங்கே பேஸ்தான் மெட்டு. கனமாக ஏறி, நிற்கிறது, இறங்கி, நிற்கிறது. அந்த நிற்கும் இடங்களில் தெரு முழுக்கக் காது கொடுத்துக் காத்திருப்பது போல இருக்கும். பாட்டு வந்து ஒன்றரை வருடம் கூட ஆகவில்லை, 1981 ஏப்ரலில் பிரிக்ஸ்டன் பற்றி எரிந்தது. முன்கூட்டிச் சொன்ன தீர்க்கதரிசி என்று சிமோனனைப் புகழ்கிறார்கள். அங்கே வளர்ந்த எவருக்கும் தெரிந்திருந்ததைத்தான் அவர் பாடினார். கழுத்தில் பெயின்டால் எழுதி வைத்து வாசிக்கப் பழகியவரின் அந்த பேஸ் வரி, 1990-ல் 'பீட்ஸ் இன்டர்நேஷனல்' குழுவின் நடனப் பாட்டுக்கு அடித்தளமாகி, பிரிட்டனில் முதலிடம் பிடித்தது.

ஸ்பெயின், ஹாலிவுட், சூப்பர்மார்க்கெட், தொழிற்சாலை, பிரிக்ஸ்டன். ஐந்து இடம், ஐந்து தாளம். எந்த இடத்திலும் வண்டி மாறி ஏறிய அலுப்பு இல்லை.

மூன்றாம், நான்காம் பக்கங்களை அதே உயரத்தில் வைக்க மாட்டேன். 'லவர்ஸ் ராக்' எனக்கு ஒருபோதும் ஒத்துவரவில்லை. அறிவுரை சொல்கிறது, அதுவும் குழப்பமாக. 'கோக கோலா' விளம்பர உலகத்தைச் சாடிவிட்டு வேகமாகக் கடந்துபோகிறது. ஆனால் ஜமைக்காவின் 'தி ரூலர்ஸ்' பாட்டை எடுத்து வாசித்த 'ராங் எம் பாயோ'வின் குதூகலத்துக்காகவும், எல்லா வாத்தியங்களையும் இரண்டு முறை பதிவு செய்து கடல் அலை போல எழுப்பிய 'தி கார்ட் சீட்'டுக்காகவும் மூன்றாம் பக்கம் வேண்டும். 'டெத் ஆர் குளோரி'க்காகவும்தான். சாவு இல்லையேல் புகழ் என்று சபதம் போட்டவர்கள் கடைசியில் குடும்பம், கடன், வேலை என்று அடங்கிப் போவதைப் பற்றிய பாட்டு. இருபதுகளில் அதைக் கேலிப் பாட்டாகக் கேட்டேன். வீட்டு வாடகையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் என் தோளில் ஏறிய பிறகு, அதில் தோற்றவர்கள் மீது ஸ்டிரம்மருக்கு இருந்த பரிவு கேட்கத் தொடங்கியது. பாடியவருக்கு அப்போது இருபத்தேழு வயது.

கற்றுக்கொண்டு நன்றாக வாசிப்பது பங்க்குக்குத் துரோகம் என்று அன்று குற்றம் சாட்டினார்கள். மூன்று கார்டு (chord, சுரக்கூட்டு) தெரிந்தால் போதும், பேண்ட் தொடங்கு என்பது அருமையான அழைப்பு. எத்தனையோ பேருக்குக் கதவைத் திறந்துவிட்டது. ஆனால் நான்காவது கார்டைக் கற்றுக்கொள்ளாதே என்று அது சொல்லவில்லை. சிமோனன் ஒன்றுமே தெரியாமல் வந்து, மூன்றே வருடத்தில் அந்த பேஸ் வரியை எழுதினார் என்றால், பங்க்கின் வாக்குறுதி நிறைவேறியது அங்கேதான்.

விலையும் அதே கொள்கைதான். இரட்டை ஆல்பத்துக்குக் கூடுதல் விலை வைப்பது வழக்கம். ரசிகர்களிடம் கூடுதலாக வாங்கக் கூடாது என்று குழு நின்றது. அவர்களின் இசைத்தட்டு நிறுவனமான சிபிஎஸ் இரட்டை ஆல்பமே வேண்டாம் என்றது. சரி, ஆல்பத்தோடு ஒரு பன்னிரண்டு அங்குல சிங்கிளை இலவசமாகத் தருகிறோம் என்று சம்மதம் வாங்கி, அந்த சிங்கிளை ஒன்பது பாட்டுள்ள முழுத் தட்டாகவே மாற்றிவிட்டார்கள். ஒரு தட்டின் விலைக்கு இரண்டு. அடுத்த வருடம் மூன்று தட்டுகளில் 36 பாட்டுகளோடு வந்த 'சாண்டினிஸ்டா!'வையும் குறைந்த விலைக்கே கொடுத்து, தங்களுக்கு வர வேண்டிய ராயல்டியைப் பெருமளவு இழந்தார்கள்.

உறைப் படத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 1979 செப்டம்பர், நியூயார்க் 'பல்லேடியம்' அரங்கு. பார்வையாளர்களை எழுந்து ஆட விடாமல் காவலர்கள் இருக்கையிலேயே அழுத்தி வைத்திருந்தார்கள். வெறுத்துப்போன சிமோனன் தன் ஃபெண்டர் பேஸைத் தலைகீழாகப் பிடித்து மேடையில் ஓங்கி அடித்தார். தன்னை நோக்கி வருகிறாரே என்று பின்னால் நகர்ந்துகொண்டே புகைப்படக்காரர் பென்னி ஸ்மித் எடுத்த படம் அது. மங்கலாக இருக்கிறது, வேண்டாம் என்றே அவர் சொன்னார். ஸ்டிரம்மரும் லவ்ரியும் கேட்கவில்லை. முகம் தெரியாத அந்த வளைந்த உடல் 2010-ல் பிரிட்டிஷ் தபால்தலையாகவே வந்துவிட்டது. உடைந்த கிட்டார் லண்டன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

கிளாஷ் திறந்த வழியில் பின்னால் வந்தவர்களில் ஒருவர் நமக்கு மிக நெருக்கமானவர். ஈழத்திலிருந்து சிறு வயதில் அகதியாகத் தெற்கு லண்டனுக்குத் திரும்பி வந்த மாயா அருள்பிரகாசம் என்ற எம்.ஐ.ஏ. 2007-ல் அவர் வெளியிட்ட 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டின் அடியில் ஓடுவது கிளாஷின் 'ஸ்ட்ரெயிட் டு ஹெல்'. 'லண்டன் காலிங்'கிற்குப் பிறகு 1982-ல் வந்தது. வியட்நாமில் அமெரிக்கச் சிப்பாய்கள் விட்டுப்போன பிள்ளைகளையும், பிரிட்டனில் வேண்டாதவர்களாக நின்ற குடியேறிகளையும் பாடியது. விசா கிடைக்காமல் அலைக்கழிந்த ஒரு தமிழ்ப் பெண் அதை எடுத்துத் தன் பாட்டாக்கினார். பாட்டை எழுதியவர்கள் பட்டியலில் கிளாஷ் நால்வர் பெயரும் அவர் பெயரும் சேர்ந்தே இருக்கின்றன. பக்கத்து வீட்டுத் தாளத்தைக் கேட்டு வளர்ந்தவர்களின் தாளம், அதே நகரத்தில் இன்னொரு வீட்டுக்குப் போனது.

புதிதாகக் கேட்கப் போகிறவர்களுக்கு ஒன்று. பட்டியலில் கடைசியாக இருக்கும் 'டிரெயின் இன் வெயின்' முதலில் ஆல்பத்திலேயே இல்லை. ஒரு இசைப் பத்திரிகையோடு இலவசமாகக் கொடுப்பதற்காகப் பதிவு செய்தது. அந்தத் திட்டம் நின்றுபோனதும் கடைசி நேரத்தில் நான்காம் பக்கத்தின் முடிவில் சேர்த்தார்கள். உறை அதற்குள் அச்சாகிவிட்டதால் அதில் பெயரில்லை. தட்டில் ஊசி கடைசியாக ஓடும் வெற்றிடத்தில் கீறி வைத்தார்கள். மிக் ஜோன்ஸ் பாடும், ஒளிவு மறைவில்லாத பிரிவுப் பாட்டு. ஹார்மோனிகா, சோல் இசையின் துள்ளல், அரசியல் ஒரு சொல் கூட இல்லை. அமெரிக்காவில் முதல் முப்பதுக்குள் நுழைந்த இவர்களின் முதல் பாட்டு அதுதான். ஆல்பத்தை அங்கிருந்து தொடங்குங்கள். டாப்பரின் கை எப்படி வேலை செய்கிறது என்று முதல் பத்து நொடியிலேயே தெரிந்துவிடும். பிறகு இரண்டாம் பக்கத்துக்குப் போங்கள்.